கெலா மீனுக்குக் கட்டிய பூச்சி

துரைராஜுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் இன்று வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் வந்தது. உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்க, நான் உரக்கப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த நான்கே மாதத்தில் தோட்டத்துத் துரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வருகிற ஞாயிறு பெக்கோக் ஆற்றின் மேல்பக்கம் தன்னோடு மீன் பிடிக்க வரச் சொல்லியிருக்கிறார், அதற்குத் தன் பழைய தூண்டில் கோல் ஒன்றையே உனக்குக் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருக்கும் ஒரு தமிழனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததுண்டா என்றும் கேட்டிருக்கிறாய். கிடைத்ததுண்டு. உன் அப்பனுக்கே கிடைத்தது, வருஷக்கணக்காகக் கிடைத்தது. கடைசியாக, நான் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு இறகில் பூச்சி கட்டிக் கொடுத்ததை உன் துரை எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார், ஒரு டஜன் கட்டி அனுப்ப முடியுமா என்று விசாரிக்கிறார் என்கிறாய். முடியாது. கட்டித் தரமாட்டேன். ஏன் என்பதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அது உனக்கு இனிக்காது.

நீ பிறந்து வளர்ந்த தோட்டத்தின் துரையை உனக்கு நினைவிருக்கும். வெயிலில் வெந்த நண்டு மாதிரி சிவந்த முகம், எப்போதும் வாயில் பைப். தோட்டத்தில் அறுநூறு பேர் அவர் குரலுக்கு நடுங்கினார்கள். அந்த மனிதருக்கு வருஷத்தில் ஒரு மாதம் பைத்தியம் பிடிக்கும். மாசி பங்குனியில் ரப்பர்ப் பால்மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்குமே, பால் வற்றிப்போய் வெட்டுக்காரர்களுக்குப் பாதி வேலைதானே இருக்கும், அப்போதுதான் அது தொடங்கும். மரங்கள் துளிர்விட ஆரம்பித்ததும் அவர் ஆபீஸ் வராந்தாவில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பார். தன் ஊரில் இது வசந்த காலம் என்பார். அங்கே மலை ஓடைகளில் பனி கரைந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும், டிரவுட் என்று ஒரு மீன் பூச்சி பிடிக்க மேலே வரும், அதை ஏமாற்றிப் பிடிப்பதுதான் ஒரு கனவானுக்கு அழகு என்பார். புழுவைக் கோத்துப் பிடிப்பதெல்லாம் கூலிக்காரன் வேலையாம். கொக்கியின் மேல் இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஈ மாதிரி, தும்பி மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் மெதுவாக விழும்படி வீச வேண்டுமாம். ஜொகூரில் டிரவுட் ஏது? பெக்கோக் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் கெலா மீன் இருக்கிறது, உள்ளங்கை அகலச் செதிலும் தங்க நிறமுமாக. அதையே தன் ஊர் மீனாக நினைத்துக்கொண்டு, இந்தப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டும் ஆணி அடித்த பூட்ஸும் மாட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்குவார். பன்றிக்குட்டி மாதிரி வேர்க்கும். ஆனால் கோட்டைக் கழற்றமாட்டார்.

அவர் கொண்டுவந்த பூச்சிகளைக் கெலா மதிக்கவில்லை. மூன்று வருஷம் வீசினார், விரல் நீளத்துக்குமேல் ஒன்றும் சிக்கவில்லை. சாமான் தூக்கிக்கொண்டு வந்த ஜக்கூன் ஆள் ஒருவன், காட்டிலேயே பிறந்தவன், கரையோரத்து அத்திப்பழம் ஒன்றைக் கொக்கியில் குத்திப் போட்டு, இவர் கண்ணெதிரே முழங்கை நீள மீனை இழுத்துவிட்டான். அந்த மீன் பழம் தின்கிற மீன், இறகு தின்னாது என்று அவன் மலாயில் பொறுமையாக விளக்கினான். துரை அவனைப் பாதி நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நான் புண் தைப்பதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் நுனி மெலிந்த இடுக்கி இருக்கிறது, பட்டு நூல் இருக்கிறது, நடுங்காத கை இருக்கிறது. அத்திப்பழம் மாதிரியே இருக்கும் ஒரு பூச்சியை உன்னால் கட்ட முடியுமா என்று கேட்டார். மீனுக்குப் பழம் வேண்டும் என்று தெரிந்த பிறகும் பழத்தைப் போடமாட்டார்கள் தம்பி. இறகில் பழம் செய்து போடுவார்கள். அதுதான் கனவான்தனம்.

நான் கட்டினேன். அதுவும் எப்படிக் கட்டினேன் என்றால், பசியோடிருப்பவன் சோறு தின்பதைப் போல. காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து மயிரைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, உருண்டையாக வருகிற மாதிரி கொக்கியில் சுற்றி, அடியில் ஈய நூலைக் கொஞ்சம் மறைத்து, பழம் விழுகிற மாதிரியே தொப்பென்று விழவைத்தேன். அதற்கு இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் ஆஸ்பத்திரி மேஜையில்தான் வேலை. மருந்துக்கு வந்த பெண்கள் வாசலில் குந்தியிருப்பார்கள். நான் தலை தூக்காமல், கொஞ்சம் இருங்க என்பேன். வேலை வாங்கியது அவர்தான், நான் அடிமைப்பட்டுச் செய்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்கு அது பிடித்திருந்தது. இந்தத் தோட்டத்தில் வேறு எவனாலும் முடியாத ஒன்று என் விரலுக்கு முடிகிறது என்கிற திமிர். துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை தலையசைத்தால் அன்று முழுதும் நான் தரையில் நடக்கமாட்டேன். உனக்குப் பழனி என்று பெயர் வைக்க வேண்டும் என்றுதான் உன் அம்மா வேண்டியிருந்தாள். துரைராஜ் என்று வைத்தவன் நான். அப்போது பூச்சிகூடக் கட்டத் தொடங்கவில்லை. வளைகிற முதுகு எனக்கு அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

இனி வேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் நான்காம் லயத்து வீட்டு வரிசையில் இருந்த வெட்டுக்காரன். அதிகம் பேசாதவன், அவன் பெண்டாட்டி குப்பாயி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். பால் வெட்டுகிற கத்தி நழுவிக் காலில் விழுந்து, பாதத்தின் மேல்பக்கம் கிழிந்து வந்தான். கழுவித் தைத்துக் கட்டுப் போட்டேன். மூன்றாம் நாள் வீங்கியது. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டைப் பிரித்தபோது, புண்ணிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டி ஏறியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் அனலாக அடித்தது. நீ ஜொகூர் பாருவில் படித்துவிட்டு வந்தவன், அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அன்றைக்கே தெரியும். மறுநாள் காலை வண்டியில் ஏற்றி ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் துரையின் கையெழுத்தும், பெக்கோக் ஸ்டேஷன் வரைக்கும் தோட்டத்துக் காரும் வேண்டும்.

ஆபீஸ் வராந்தாவுக்குப் போனேன். நான் காலையில் கொடுத்த பூச்சிகளைத் துரை ஒரு வெள்ளைத் துணிமேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் ஆற்றுக்கு மேலே போகிறோம், திங்கள் மத்தியானம் திரும்புகிறோம் என்று ஏற்பாடு. கார் அதற்கு வேண்டும். நான் வேலுவின் காலைப் பற்றிச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே ஆறுதல் சொல்லி வந்திருக்கிறேன். எப்படிச் சொன்னேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அனுப்பினால் நல்லது என்று தோன்றுகிறது என்று, தொண்டைக்குள்ளேயே சொன்னேன். அனுப்பாவிட்டால் கால் போகும், உயிரும் போகலாம் என்று சொல்லவில்லை. அவர் பூச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தத் துரைத் தமிழில் சொன்னார்.

“கால் எங்கயும் போகாது, டிரெஸ்ஸர். மீன் போகும். திங்கக்கிழமை பாக்கலாம்.”

நான் சிரித்தேன். இந்த இடத்தை நீ இரண்டு தடவை படி. அவர் சொன்னதைவிடக் கேவலமானது நான் சிரித்ததுதான். மரியாதைக்குச் சிரித்தேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். எனக்கும் போக வேண்டியிருந்தது. என் கையால் கட்டிய அந்தப் பழத்தைக் கெலா வாயில் கவ்வுவதை என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. வேலுவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, நுனி மெலிந்த இடுக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் இறகு பிரிந்தால் சரிசெய்ய வேண்டுமே.

ஆற்றைப் பற்றி நீ அழகாக எழுதியிருக்கிறாய். அழகான இடம்தான். மேலே போகப் போகத் தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகி, பாறைகளுக்கு நடுவில் குளம் குளமாக நிற்கும். முதல் நாள் துரைக்குச் சின்ன மீன் ஒன்று மாட்டியது. அதைப் பிடித்து வைப்பது அவர் ஊர் வழக்கமில்லையாம். கொக்கியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் தாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மூச்சுத் திரும்பும்வரை முழங்கால் தண்ணீரில் குனிந்தே நின்றார். குழந்தையிடம் பேசுவது போல அதனிடம் என்னவோ பேசினார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எவ்வளவு இரக்கமுள்ள மனிதர் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன் தம்பி. தலையில் மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே அந்த வலையை அவர் மேல் போட்டுவிட்டு இறங்கி வந்திருப்பேன்.

இரண்டாம் நாள் பகலில் பெரிய கெலா வந்தது. பாறை நிழலில் பூச்சி விழுந்த சத்தம் கேட்டது, பிறகு தண்ணீரே திரும்பிப் படுத்த மாதிரி இருந்தது. சக்கரத்திலிருந்து நூல் கத்திக்கொண்டே ஓடியது. முக்கால் மணி நேரம் போராடினார். இரண்டு தடவை விழுந்து எழுந்தார். கடைசியில் நான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வலையில் அள்ளிக் கரையில் போட்டேன். அதைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். வெள்ளைக்காரன் ஒருவன் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று சாப்பிடுகிறவரைக்கும் அந்தக் கையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. கை கழுவாமல் நோயாளியைத் தொடாதே என்று உனக்குப் பாடம் சொன்ன அதே அப்பன்தான்.

திங்கள் மத்தியானம் கார் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் வந்தது. மீனை ஈரச் சாக்கில் சுற்றிப் பின்னால் வைத்திருந்தோம். நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன். குப்பாயி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தாள்.

“மீனு கெடச்சிச்சாங்கய்யா?” என்று கேட்டாள்.

“கெடச்சிச்சு” என்றேன்.

அவள் கேட்டது அதுவல்ல என்று உள்ளே போய் வேலுவைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் பிதற்றிக்கொண்டிருந்தான். ஆயா ஒத்தடம் கொடுத்துக் கொடுத்துக் கை வெந்துபோய் நின்றாள். தொடை வரைக்கும் கறுத்துப் பளபளவென்று இருந்தது. துரை உடனே கையெழுத்துப் போட்டார், காரும் கொடுத்தார், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நானே கூடப் போனேன். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். காலைத் தொடைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் துரை பங்களாவிலிருந்து பாதிக் கெலாவை நம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அப்போது உனக்கு எட்டு வயது, நினைவிருக்கலாம். உன் அம்மா அதை வாங்கி, ஒரு துண்டுகூட அறுக்காமல், லயத்து நாய்களுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். நீ அழுதாய். நான் ஜொகூர் பாருவிலிருந்து திரும்பி வந்து அதைக் கேள்விப்பட்டு அவளைத் திட்டினேன். துரை கொடுத்த மீனை நாய்க்குப் போட்டது அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் ஒரு வாரம் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வேலு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். ஒரு கால் இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான் என்றார்கள். அதற்கு டிரெஸ்ஸரின் தாள் ஒன்று வேண்டும். நான் எழுதினேன். சொந்தக் கவனக்குறைவால் கத்திக் காயம், வேலைக்கு லாயக்கில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எத்தனை நாள் தாமதம், யாரால் தாமதம் என்று எழுத அந்தத் தாளில் இடம் இருந்தது. எழுதவில்லை. வேலு தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எனக்குக் கும்பிடு போட முயன்றான், கட்டை நழுவியது, குப்பாயி பிடித்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கி எந்த ஊருக்குப் போனார்கள், பிழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

இதற்குப் பிறகு உன் அப்பா திருந்திவிட்டான் என்று நீ எதிர்பார்ப்பாய். பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் அப்பாக்கள் இந்த இடத்தில் திருந்துவார்கள். நான் இன்னும் எட்டு வருஷம் பூச்சி கட்டினேன். வருஷா வருஷம் பால்மரம் துளிர்க்கும், அவர் மூக்கைத் தூக்குவார், நான் இடுக்கியை எடுப்பேன். ஒரே ஒரு வித்தியாசம், ஆற்றுக்கு வர முடியாது, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று முதல் வருஷம் சொன்னேன். இரண்டாம் வருஷம் போனேன். ரப்பர் விலை விழுந்து துரை ஊருக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார். பதினாறு வருஷத்தில் நான் பார்த்த பிரசவங்கள் எத்தனை, காய்ச்சல்கள் எத்தனை, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாணயமானவன், அமைதியானவன், மிக நன்றாகப் பூச்சி கட்டுவான் என்று எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை வாங்கினேன். அங்கிருந்த துரை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் மீன் பிடிக்கிறவர் அல்ல, கோல்ஃப் ஆடுகிறவர். நான் பூச்சி கட்டுவதை விட்டது அதனால்தான். வேறு எந்த வீரத்தினாலும் இல்லை.

துரைமார் எல்லோரும் கெட்டவர்கள் என்று உனக்குச் சொல்ல வரவில்லை. உன் துரை நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் கொடுத்த கோலை நீ எப்படித் துடைத்து வைத்திருக்கிறாய் என்று முழுப் பக்கம் எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கும்போது எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. உன்னைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதக் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் பார்த்தது உன் கையெழுத்தில் என் முகத்தை.

அதோடு நான்காவது பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதற்கும் என்ன பூட்ஸ் போடுவது என்பதற்கும் நடுவில், ஒரு வரி எழுதியிருக்கிறாய். இரண்டாம் லயத்துப் பொம்பளை ஒருத்தி, எட்டாம் மாதம், காலும் முகமும் வீங்கியிருக்கிறது, தலைவலி என்கிறாள், கண் மங்குகிறது என்கிறாள், வார்டில் படுக்க வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இதை எழுதிவிட்டு அடுத்த வரியில் பூட்ஸுக்குப் போய்விட்டாய். படித்துக்கொண்டு வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். உன் அம்மாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். எட்டாம் மாதத்தில் முகம் வீங்கிக் கண் மங்கினால் அடுத்து என்ன வரும் என்று உனக்குப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் இரண்டு பேரை வலிப்பில் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்குத் திங்கட்கிழமை கிடையாது.

தந்தி கொடுக்கலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். தோட்டத்துக்கு வரும் தந்தி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கையில் போய், அவர் துரையிடம் காட்டி, துரை உன்னிடம் கேட்டு, நீ தொண்டைக்குள்ளேயே என்னவோ சொல்வாய் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். சந்தைக் கடை காதர் பாய் சரக்கு விஷயமாகச் சாயங்கால வண்டியில் பெக்கோக் வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, விஷயத்தை வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். உன்னை நேரில் பார்த்துச் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சொல் தவறாதவர். ஆகவே நீ இதைப் படிப்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். நாளை சனிக்கிழமை காலை வண்டியில் அவளை ஏற்றிவிடு. கையெழுத்து வேண்டுமென்றால் வாங்கு. இல்லை என்று சொன்னால் கையெழுத்து இல்லாமல் ஏற்று. கார் இல்லை என்றால் மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து பெக்கோக் ஸ்டேஷனுக்குக் கொண்டு போ. வழியில் அவளை வெயிலில் வைக்காதே. நீயும் கூட வா. வேலை போனால் போகட்டும். குளுவாங்கில் இறங்கியதும் இப்போது இங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் ஆள் வைத்து ஸ்டேஷனில் நிற்பேன். டாக்டரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அம்மாவும் என்னோடு வருகிறாள். பழைய சேலை இரண்டைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, உன் கடிதத்தை மறுபடியும் புரட்டிப் பார்க்கச் சொன்னாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

“அந்தப் புள்ள பேரு என்னன்னு கேட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. பேரு தெரியாம எப்படி நான் கூப்பிட்டு எறக்குறது?” என்கிறாள்.